சனிக்கிழமை எண்ணெயும் மூன்று நகல்களும்

என் கணவருக்கு எதுவும் மூன்றாக இருந்தால்தான் தூக்கம் வரும். வீட்டில் மூன்று டார்ச் லைட்டுகள், மூன்று சாவிக்கொத்துகள், மின்சாரம் போனால் ஏற்ற மூன்று அரிக்கேன் விளக்குகள். கடலோரத்து அணு ஆராய்ச்சி வளாகத்தில் அவருக்கு வேலை. அங்கே ஒரு பம்பு நின்றால் ஓட இன்னொரு பம்பு, அதுவும் நின்றால் மூன்றாவது என்றுதான் எல்லாவற்றையும் யோசிப்பார்களாம். அந்தப் புத்தியை அவர் ஒருநாளும் வாசல் கேட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை. கல்யாணத்தில் மூன்று முடிச்சு விழுந்தபோதுதான் மனிதர் முழு நிம்மதியாக இருந்திருப்பார் என்று என் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதிலும் ஒரு முடிச்சுதான் அவர் போட்டது. மற்ற இரண்டையும் வழக்கப்படி அவருடைய அக்கா போட்டார்.

அந்த அக்கா, என் நாத்தனார், மதுராந்தகத்தில் இருந்தார். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது வாசலிலேயே நின்று, "இன்னா, இம்மாம் லேட்டு? வூட்ல எல்லாம் நல்லாகீறாங்களா?" என்று கேட்டார். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஏதோ கோபமாகக் கேட்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். அவர் பாசமாகத்தான் கேட்டார் என்று புரிய எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று. என் கணவரும் அந்த ஊர்க்காரர்தான். ஆனால் படித்துப் பட்டம் வாங்கி, பல ஊர்க்காரர்களோடு வேலை பார்த்துப் பேச்சை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். ரொம்பவும் அதிர்ந்து போனால் மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு "இன்னா" வெளியே விழும்.

இந்தப் பேச்சு எனக்கு மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியை. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டில் இறங்க வேண்டும். போக வர அத்தனை நேரம் பேருந்தில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மீன்கூடைக்காரிகள், கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் மேலே நடத்துனரின் குரல். கல்யாணத்தோடு நின்றுபோன முனைவர் பட்ட ஆசையைத் தூசி தட்டி எடுத்தேன். பேருந்தில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையே ஆய்வுப் பொருளாகப் பகுதிநேரத்தில் பதிவு செய்தேன். பஸ்ஸில் ஏறிப் பேசுவதற்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார்களா என்று ஊரில் அப்பா கேட்டார். கொடுத்தால் நான் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தத் தடத்தில் வழக்கமாக வரும் நடத்துனரிடம், பேருந்துப் பேச்சை டேப்பில் பதிவு செய்ய அனுமதி கேட்டேன். நான் பழக்கத்தில் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட, அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகக் கடயா வெச்சிகினு கீறேன், டீச்சர்?"

பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு விசிலை ஊதி, பேருந்து முழுவதற்கும் அறிவித்துவிட்டார். "டீச்சரம்மா டேப்பு போட்டுகினு கீறாங்க. எல்லாம் ஒயுங்கா பேசுங்க. அசிங்கமா பேசனா காலேஜி வரிக்கும் போயி நிக்கும்."

அவ்வளவுதான். அடுத்த பல நாட்களுக்கு மீன்காரம்மா உட்பட அத்தனை பேரும் வானொலியில் செய்தி வாசிப்பது போலப் பேசினார்கள். "அம்மணி, சற்றுத் தள்ளி அமரவும்" என்று ஒரு கிழவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நல்லவேளையாக, மழையில் பேருந்து ஒழுகிய ஒருநாள் எல்லாருக்கும் டேப் மறந்துபோனது. அன்று பதிவானதுதான் என் ஆய்வின் முதல் பக்கம்.

பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, நடுவில் ஒரு பிரசவம் என்று ஆய்வு வருடக்கணக்கில் இழுத்தது. ஒலிநாடாக்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். கடற்காற்று இருக்கிற ஊரில் எதையும் நம்பி வைக்க முடியாது. ஜன்னல் கம்பி உதிரும், தையல் ஊசி துருப்பிடிக்கும், உப்புச் சாடியில் உப்பே தண்ணீராகும். நாடாக்களிலும் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதற்குள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, எழுதியதையெல்லாம் அதில் ஏற்றத் தொடங்கியிருந்தேன். ஈரம் பூத்த கையெழுத்துத் தாள்களை ஏற்ற ஏற்றப் பழைய பேப்பருக்குப் போட்டேன்.

கம்ப்யூட்டர் வந்ததும் வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. அதற்கு மூன்று உறைகள் தைத்தோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் தமிழ் எழுத வழி செய்து கொடுத்தவர் செங்கல்பட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொண்டிருந்த ஒருவர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் என்றால் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. பத்திரிகைக்காரர் தானே ஒரு எழுத்துரு செய்து வைத்திருந்தார். நான் கல்யாணத்துக்கு முன்பே பாளையங்கோட்டையில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் என்று தெரிந்ததும், எழுத்துகளை டைப்ரைட்டர் விசைகளின் வரிசைக்கே எனக்காக மாற்றிக் கொடுத்தார். இந்தப் பக்கத்துப் பேச்சில் பாதி முழுங்கும் ஓசைகளைக் காட்ட எனக்குத் தனிக் குறிகள் வேண்டியிருந்தன.

"எய்த்து மேல ஒரு பொட்டு வெச்சா போதுமா டீச்சர்?" என்று கேட்டு, காலியாக இருந்த விசைகளில் பொட்டு வைத்த எழுத்துகளையும் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தன் ஃப்ளாப்பியை மறக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

என் கணவர் அன்றே நகல் எடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறாது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து ஊறுகிற நேரத்தில் மனிதருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதையே நகல் எடுக்கும் நேரமாக்கிவிட்டார். இடுப்பில் துண்டு, உச்சியில் எண்ணெய், பிளாஸ்டிக் முக்காலி. கை விரல்களை மட்டும் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஃப்ளாப்பியாக உள்ளே தள்ளுவார். அது கிர்ர் கிர்ர் என்று ஓடி முடிந்ததும் வெளியே எடுப்பார். மறுபடி உள்ளே போட்டு, கோப்பைத் திறந்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். சரியாகத்தான் இருக்கும். அதன் பிறகுதான் வெந்நீர்.

மொத்தம் மூன்று செட். ஒன்று எங்கள் பீரோவில். ஒன்று பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என் தம்பியிடம். இன்னொன்று, கல்யாண முடிச்சைப் போலவே, மதுராந்தகத்து அக்காவிடம். மாதம் ஒருமுறை பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பார்.

"ஒரே இடத்துல மூணு காப்பி வெச்சா அது ஒரு காப்பிக்குச் சமம்" என்பார். எனக்கு அந்தத் தீவிரத்தைப் பார்த்தால் சிரிப்பாக வரும். ஆனால் என் எழுத்துக்காக ஒரு மனிதர் எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறார் என்பதில் உள்ளுக்குள் ரொம்பப் பெருமை.

நாத்தனார் அந்த ஃப்ளாப்பிப் பெட்டியைப் பூஜை அலமாரியில் வைத்தார். அவர் வீட்டில் முக்கியமானது எதுவும் அங்கேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமிப் படங்களுக்கு வைத்த கையோடு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். என் கணவர் பதறிப்போய், "அக்கா, இதுக்குள்ள தூசியே போகக் கூடாது" என்றார்.

"பொட்டி மேலதான்டா வெச்சிகீறேன். உள்ள இன்னா, உன் பொண்டாட்டி படிப்பு தான கீது? அதுக்கு ஒரு பொட்டு வெச்சா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றார் அக்கா.

ஆய்வேட்டின் கடைசி இயலை முடித்துவிட்டு நான் திருத்திக்கொண்டிருந்த கார்த்திகை மாதம் அது. பகுதிநேரப் பதிவுக்கு ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. தை பிறப்பதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. இதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடைக்காது என்று என் நெறியாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நல்ல மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒரு மாலை கம்ப்யூட்டரைப் போட்டபோது உள்ளே கடக் கடக் என்று ஏதோ தட்டியது. திரை கறுப்பாகவே நின்றது. செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "போயிட்ச்சி சார், உப்புக் காத்து" என்றார்.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் முகத்திலோ ஒரு பிரகாசம். சத்தியமாகச் சொல்கிறேன், மனிதர் சந்தோஷப்பட்டார். இத்தனை வருட எண்ணெய்க் குளியலுக்கும் பதில் கிடைக்கும் நாள் வந்துவிட்டதல்லவா. புது டிஸ்க் வாங்கிப் போட்டார். நகல்களை எடுத்து வருவோம், எல்லாம் சேர்ந்த பிறகு திறப்போம், அதுவரை எதையும் தொடாதே என்று எனக்கு உத்தரவு போட்டார்.

பீரோவில் இருந்த செட்டில் பூஞ்சை பிடித்துப் பாதி படிக்க மறுத்தது. "பார்த்தியா, இதுக்குத்தான்" என்றார். தம்பியிடமிருந்த செட்டின் மேல் விடுதிச் சாம்பார் கொட்டியிருந்தது. "இதுக்கும்தான்" என்றார். தம்பியை மட்டும் தனியாக ஒரு பிடி பிடித்தார். மதுராந்தகத்துப் பெட்டி குங்குமத்தோடு வந்தது. அதிலிருந்த ஒவ்வொரு ஃப்ளாப்பியும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி, எல்லாக் கோப்புகளும் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்தன. அவர் எழுந்து நின்று, நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டு, "திற" என்றார்.

திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். நடு நடுவே அரைப்புள்ளிகள், காற்புள்ளிகள், அடைப்புக்குறிகள். ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை. அடுத்த இயல், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே.

"இன்னாடி இது?" என்றார் என் கணவர்.

எழுத்துரு. நாங்கள் கோப்புகளை நகல் எடுத்தோம், அவற்றைத் தமிழாகக் காட்டிய எழுத்துருவை எடுக்கவே இல்லை. அது பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. சனிக்கிழமை தவறாமல் அவர் சரிபார்த்ததும் அந்த எழுத்துரு இருந்த எங்கள் கம்ப்யூட்டரிலேயேதான். வேறொரு இடத்தில் திறந்து பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று இடத்தில் பத்திரமாக வைத்தோம், ஓரிடத்திலும் படிக்க முடியாமல். அவர் அன்று சாப்பிடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது என் ஆய்வேடு போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பத்திரிகைக்காரரைத் தேடிப் போனேன். அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் பேருந்தில் நம் நடத்துனரிடம் கேட்டேன். அந்தத் தடத்தில் யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

"யாரு, கல்யாணப் பத்திரிகையா? அவரு இப்ப மாமல்லபுரத்துல கீறாரு. ஓட்டலுக்குல்லாம் மெனு கார்டு போட்டுக் குடுக்குறாரு. பஸ் ஸ்டாண்டாண்ட இருந்து பீச்சு ரோட்ல போனா, செப்பல் கடைக்கு மேல."

அப்படியே மாமல்லபுரம் போனேன். செருப்புக் கடைக்கு மேலே சின்ன அறை. பத்திரிகைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வெள்ளைக்காரர்களுக்காக இறால் வறுவலின் விலையை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. பழைய கம்ப்யூட்டரை மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம். மச்சான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதில் பிள்ளைகளுக்கு விளையாட்டு போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

"ஃப்ளாப்பி?"

"அதுல வேற இன்னான்னாவோ ஏத்தி, எங்கியோ பூட்ச்சி டீச்சர்."

"நகல் ஒண்ணு எடுத்து வைக்கக்கூடாதாண்ணே?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சப்பறம் பத்திரிகைக்கு இன்னாத்துக்கு டீச்சர் காப்பி?"

பிறகு, நான் கொண்டு போயிருந்த ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டார். அவரிடம் இருந்த வேறு எழுத்துருக்களைப் போட்டு என் கோப்பைத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான உளறல். எனக்காகவே இடம் மாற்றிய எழுத்துகள் வேறு எதிலும் உட்காரவில்லை. அவர் செய்த நல்ல காரியமே இப்போது குறுக்கே நின்றது. டீ வாங்கிக் கொடுத்து, படி இறங்கும் வரை கூடவே வந்தார்.

திரும்பும்போது, திருக்கழுக்குன்றத்தில் மாறி வழக்கமான பேருந்தில் ஏறியதும், அழுதேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, பேருந்தில் அழுதேன். டிக்கெட் கொடுக்க வந்த நடத்துனர் பார்த்துவிட்டார். கேட்டார், சொன்னேன். உங்கள் பேச்சு அத்தனையும் போய்விட்டது, ஒரு வரிகூட இல்லை என்றேன்.

அவர் கம்பியில் சாய்ந்து நின்றார்.

"எய்தி வெச்சதுதான பூட்ச்சி? நாங்க இன்னா செத்தா பூட்டோம்? இங்கதான கீறோம். நாளைக்கு டேப்ப எட்த்துகினு வந்து ஏறு. மறுக்கா பேசறோம்."

பின் இருக்கையிலிருந்து மீன்காரம்மா, "அப்ப சொன்னத அப்பிடியே சொல்லணுமா, வேற சொல்லலாமா?" என்று கேட்டார். அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. தை பிறக்க இருக்கும் நாட்களில் வருடக்கணக்கான பேச்சை மறுபடி பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இறங்கும்போது நெஞ்சில் இருந்த பாரம் பாதி குறைந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை வந்தது. நகல் எடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் என் கணவர் பழக்க தோஷத்தில் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையைக் காலைக் கட்டிப்போட்டது மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல், "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தையே மறுபடி திறந்தேன். முதல் இயல், முதல் பக்கம். மழையில் பேருந்து ஒழுகிய நாள்.

முதல் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ,d;dh என்று இருந்தது.

எத்தனையோ தடவை பார்த்துச் சலித்த எழுத்துகள்தான். ஆனால் அன்று கை விசைப்பலகையின் மேல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த கை தானாக வரிசைக்குப் போய் உட்கார்ந்தது. டைப்ரைட்டிங் வகுப்பில் முதல் நாள் அடிக்கச் சொல்வார்களே, ய ள ன க, அந்த வரிசை. திரையில் இருந்ததைப் பார்த்தபடியே அந்தந்த விசையை அழுத்திப் பார்த்தேன். காற்புள்ளிக்கு வலது நடுவிரல் கீழே இறங்கியது. அது இ. அடுத்ததற்கு இடது நடுவிரல். அது ன. அரைப்புள்ளிக்கு வலது சுண்டுவிரல், மெய்யின் புள்ளி. மறுபடி ன. கடைசியில் வலது ஆள்காட்டி விரல் பக்கத்தில் எட்டி, துணைக்கால்.

இன்னா.

கண்ணுக்குப் புரியாதது விரலுக்குப் புரிந்தது. பத்திரிகைக்காரர் எழுத்துகளை டைப்ரைட்டர் விசைகளின் வரிசைக்கே மாற்றிக் கொடுத்தாரே, அதனால்தான். திரையில் உளறலாகத் தெரிந்ததெல்லாம் நான் அழுத்திய விசைகளின் பெயர்கள்.

"ஏங்க, இது இன்னா" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அதான் நானும் கேட்டேன், இன்னா இதுன்னு."

"கேக்கலைங்க. இந்த வார்த்தை 'இன்னா'. நான் படிக்கேன், கேளுங்க."

அந்த வரியை விரல்களால் தடவித் தடவிப் படித்தேன். முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி வந்தது. பிறகு வேகம் பிடித்தது. "இன்னா மழ இது, பஸ்ஸுக்கு உள்ள ஒரு கொட, வெளிய ஒரு கொடயா? நடுவுல நிக்காத, உள்ள போம்மா, உள்ள போனா கம்மியா ஒயுவும்." கேள்வி பயணிகளுடையது, பதில் நடத்துனருடையது. அவர் குரல் எங்கள் வீட்டுக்குள் நின்று பேசுவது போலவே இருந்தது. பொட்டு வைத்த எழுத்துகளுக்கும் விரல்கள் தங்கள் இடத்துக்குத் தாங்களே எட்டிப்போயின. நான் அவற்றை நினைவில் வைத்திருக்கவே இல்லை.

என் கணவர் எழுந்து போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். கட்டம் போட்டார். நான் விசையைச் சொல்லி எழுத்தைச் சொன்னேன், அவர் எழுதினார். ஒரு பக்கம் முடிவதற்குள் கட்டம் நிரம்பிவிட்டது. அதன் பிறகு அவர் வேலை. எல்லாருக்கும் கிடைக்கிற ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து, என் கோப்பில் இந்த எழுத்து வந்தால் அந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். எங்கே குழப்பம் வந்தாலும், "விரலை வை" என்பார். வைப்பேன். எண்ணெய் காதோரம் வழிந்து கழுத்துக்கு வந்து, தாளின் ஓரமெல்லாம் மஞ்சளாகி, மதியம் தாண்டியும் வெந்நீர் அடுப்பில் கொதித்துக்கொண்டே இருந்தது. அன்று அவர் குளித்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. எண்ணெயோடு அவ்வளவு நேரம் இருந்தால் சளி பிடிக்கும் என்று நான் திட்டினேன். மனிதருக்குச் சளி பிடிக்கத்தான் செய்தது. அந்த வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே மாற்றினார்.

மார்கழி முடிவதற்குள் ஆய்வேட்டை அச்செடுத்துக் கட்டிச் சமர்ப்பித்துவிட்டேன். கோப்புகளோடு புது எழுத்துருவையும் சேர்த்து நகல் எடுத்தார். மதுராந்தகத்துக்குப் போனதும் முதல் வேலையாக, அக்காவின் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தார். குங்குமம் வைத்த செட் மட்டும் எப்படிப் பிழைத்தது என்று நான் கேட்டால், ஏரிக்கரை ஊரில் உப்புக் காற்று இல்லை என்று அறிவியல் பேசுவார். ஆனால் புதுப் பெட்டிக்கு அக்கா பொட்டு வைக்க வந்தபோது அவரே பெட்டியை நீட்டினார்.

அடுத்த ஆண்டு வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது. சென்னையில், எல்லாருக்கும் திறந்த அரங்கில். பேருந்தில் சொன்னபோது நடத்துனர் கேட்டார், "எங்களப் பத்தி தான பேசப் போற? நாங்க வரலாமா?" வரலாம் என்றேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. அன்று அரங்கின் கடைசி வரிசையில் என் கணவர் பக்கத்தில், வேலை இல்லாத நாளின் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். என் கணவர் மடியில் ஒரு பை. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், வயதான பேராசிரியர், கண்ணாடியை இறக்கி முதல் பக்கத்தில் விரல் வைத்தார்.

"இந்த உரையாடல்கள் எல்லாம் பேருந்தில் உண்மையாகப் பேசப்பட்டவைதானா? சரிபார்க்க ஒலிநாடா வைத்திருக்கிறீர்களா, அம்மா?"

பூஞ்சை பிடித்த நாடாக்களை எப்போதோ குப்பையில் போட்டாகிவிட்டது. எழுதியதைக் காப்பாற்றினோம். அது பேசியதுதான் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. என் நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரிசையில் என் கணவரின் கை பையின் மேல் இறுகியது. அந்தப் பைக்குள்ளும் இதற்குப் பதில் கிடையாது.

"நாடாக்கள் கடற்காற்றில் கெட்டுவிட்டன, ஐயா" என்றேன். பிறகு, பேருந்தில் எனக்குச் சொல்லப்பட்டதையே சொன்னேன். "ஆனால் பேசியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நாளைக்கே செங்கல்பட்டில் ஏறினால் கேட்கலாம்."

"நாளிக்கி இன்னாத்துக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நடத்துனர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நான்தான் சார் அது. இன்னா கேக்கணுமோ கேளு சார்."

அரங்கு திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். "மழையில் பேருந்து ஒழுகினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"இன்னா சொல்றது, சார்? பஸ்ஸுக்கு உள்ள ஒரு கொட, வெளிய ஒரு கொடயான்னு பாசஞ்சருங்க கத்தும். நடுவுல நிக்காத, உள்ள போம்மா, உள்ள போனா கம்மியா ஒயுவும்பேன்."

பேராசிரியரின் விரல் முதல் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்துகொண்டே போனது. வரி முடிந்த இடத்தில் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த இயலைப் புரட்டினார்.

என் கணவரின் பைக்குள் மூன்று நகல்களும் இருந்தன. அன்று அதைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.